மூன்று வாரப் படுக்கையும் முப்பது ஆண்டு முதுமையும்



இந்த அரங்கு மாடியில் இருக்கிறது. உங்களில் பலர் படியேறித்தான் வந்திருக்கிறீர்கள். இருபது வயதில் இதே போன்ற படிகளை இரண்டிரண்டாகத் தாவி ஏறியவர்கள், இன்று கைப்பிடியைப் பிடித்து, நடுவில் ஒருமுறை நின்று, மூச்சு வாங்கி வந்திருப்பீர்கள். படியின் உயரம் கூடிவிடவில்லை. அப்படியானால் மாறியது எது? "வயசாயிடுச்சு, வேறென்ன?" என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிடுகிறோம். அந்த ஒரு வார்த்தைக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்கத்தான் இன்று வந்திருக்கிறேன். நம் செல்களுக்குள் ஆற்றலை உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியாவுக்கும் முதுமைக்கும் என்ன உறவு? முதுமையோடு வரும் நோய்களுக்கும் அதற்கும் என்ன உறவு? நாம் என்ன செய்தால் அது தளரும், என்ன செய்தால் தேறும்? இதுதான் இன்றைய பேச்சு.

சென்னையிலிருந்தே தொடங்கலாம். எல்லாப்பிரகடா சுப்பாராவ் பீமவரத்தில் 1895இல் பிறந்தவர். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்தவர், மாநிலக் கல்லூரியில் படித்தவர், பிறகு சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தவர். காந்தியடிகளின் அழைப்பை ஏற்று, அறுவை சிகிச்சை வகுப்புக்குக் கதர் அங்கி அணிந்து போனார். வெள்ளைக்காரப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. எம்பிபிஎஸ் கிடைக்க வேண்டிய இடத்தில் அதைவிடத் தாழ்ந்த எல்எம்எஸ் பட்டத்தோடு வெளியே வந்தார். அந்த இளைஞர்தான் அமெரிக்கா சென்று, ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்க்கோடு சேர்ந்து, 1929இல் தசையிலிருந்து ஏடிபி என்ற மூலக்கூறைப் பிரித்துக் காட்டினார். அதே ஆண்டில் ஜெர்மனியில் கார்ல் லோமானும் அதைக் கண்டறிந்தார். நம் பாடநூல்களில் இன்னும் பெரிய எழுத்தில் அச்சிட வேண்டிய பெயர் சுப்பாராவ் என்பது என் உறுதியான எண்ணம்.

ஏடிபி என்றால் என்ன? செல்லின் வேலைகளுக்கு ஆற்றல் தரும் மூலக்கூறு அது. இதயம் ஒருமுறை துடிக்க ஏடிபி வேண்டும். கண் இமைக்க ஏடிபி வேண்டும். நான் பேசுவதை நீங்கள் கேட்டுப் புரிந்துகொள்ளவும் ஏடிபி வேண்டும். உடலின் எடையில் மூளை நூற்றுக்கு இரண்டு பங்குதான். ஆனால் ஓய்வாக இருக்கும்போதே உடல் செலவிடும் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கை அது எடுத்துக்கொள்கிறது. இவ்வளவுக்கும் நம் உடலில் எந்த நொடியில் எடுத்துப் பார்த்தாலும் ஏடிபியின் இருப்பு ஏறக்குறைய நூறு கிராமைத் தாண்டாது. ஒரு நாளில் செலவாவதோ கிட்டத்தட்ட நம் உடல் எடை அளவு! அறுபது கிலோ மனிதருக்கு அறுபது கிலோ! எப்படி முடிகிறது? செலவானதை அந்தந்த நொடியிலேயே மறுபடி மறுபடி உருவாக்குவதால் முடிகிறது. அந்த வேலை நின்றால் உயிர் நிற்கும். சயனைடு சில நிமிடங்களில் ஆளைக் கொல்வது எதனால்? மைட்டோகாண்ட்ரியாவில் ஆக்சிஜன் பயன்படும் கடைசிக் கட்டத்தை அது அடைத்துவிடுவதால்தான்.

அந்த வேலை எப்படி நடக்கிறது? இங்கே ஓர் ஆங்கிலேயரைச் சொல்லியாக வேண்டும். பீட்டர் மிட்செல் 1961இல் ஒரு கருத்தை வெளியிட்டார். உணவிலிருந்து வரும் எலக்ட்ரான்கள் மைட்டோகாண்ட்ரியாவின் உள்சவ்வில் கைமாறிக் கைமாறிப் போகும்போது, புரோட்டான்கள் சவ்வுக்கு வெளியே தள்ளப்படுகின்றன. அவை திரும்பி உள்ளே பாயும் விசையில்தான் ஏடிபி உருவாகிறது என்றார். மேட்டூரை நினைத்துக்கொள்ளுங்கள். அணைக்குப் பின்னால் நீர் தேங்கி உயர்கிறது, திறந்துவிட்டால் விசையோடு பாய்கிறது, சக்கரம் சுழல்கிறது, மின்சாரம் பிறக்கிறது. நீருக்குப் பதில் புரோட்டான். சுவருக்குப் பதில் சவ்வு. சக்கரத்துக்குப் பதில் ஏடிபியை உருவாக்கும் நொதி. அன்றைய உயிர்வேதியியல் உலகம் இதை நம்பவில்லை. மிட்செல் உடல்நலம் குன்றிப் பல்கலைக்கழகத்தை விட்டு விலகி, கார்ன்வாலில் ஒரு பழைய மாளிகையைச் செப்பனிட்டு, அங்கேயே ஆய்வகம் அமைத்து, சிறிய குழுவோடு ஆய்வைத் தொடர்ந்தார். 1978இல் நோபல் பரிசு வந்தது. 1997இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அந்தச் சக்கரத்தின் மேல் ஒளிரும் இழை ஒன்றை ஒட்டவைத்து, அது சுற்றுவதை நுண்ணோக்கியில் கண்ணாரப் பார்த்தார்கள். மேட்டூரை ஓர் உவமைக்காகத்தான் சொன்னேன். ஆனால் உங்கள் உடலில், இந்த நொடியில், எண்ணிக்கையில் அடங்காத சக்கரங்கள் உண்மையாகவே சுழன்றுகொண்டிருக்கின்றன!

இந்த மைட்டோகாண்ட்ரியாவுக்கு ஒரு தனித்தன்மை உண்டு. அதற்கென்று சொந்தமாக டிஎன்ஏ இருக்கிறது. தாயிடமிருந்து மட்டும் வருவது. 16,569 எழுத்துகள், 37 மரபணுக்கள், அவ்வளவுதான். 1981இல் கேம்பிரிட்ஜில் அதை முழுமையாகப் படித்து முடித்தார்கள். சிறியது, ஆனால் இருக்கும் இடம் எது? எலக்ட்ரான்கள் ஓடும் சவ்வுக்குப் பக்கத்தில். ஓட்டத்தில் சில எலக்ட்ரான்கள் நழுவி ஆக்சிஜனோடு சேர்ந்து, எதையும் தாக்கத் துடிக்கும் மூலக்கூறுகளாக மாறுகின்றன. ஃப்ரீ ரேடிக்கல் என்று பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள். டென்ஹாம் ஹார்மன் என்ற அமெரிக்கர் 1956இல் முதுமைக்குக் காரணமே இவைதான் என்றார். 1972இல் ஒருபடி மேலே போய், ஆயுளைத் தீர்மானிக்கும் கடிகாரமே மைட்டோகாண்ட்ரியாதான் என்றார்.

அழகான கருத்து, எளிதில் புரியும் கருத்து. அதைப் பிடித்துக்கொண்டுதான், ரேடிக்கல்களை அடக்கும் என்று சொல்லி, ஆன்டி ஆக்சிடன்ட் மாத்திரைகள் கடைகளை நிறைத்தன. இன்றும் மருந்துக்கடையில் அந்தச் சொல் அச்சிடாத டப்பா அரிது. ஆனால் சோதித்துப் பார்த்தபோது என்ன ஆயிற்று? ஃபின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரைச் சேர்த்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. ஒரு பகுதியினருக்குப் பல ஆண்டுகள் பீட்டா கரோட்டின் மாத்திரை கொடுத்தார்கள். நுரையீரல் புற்றுநோய் குறையும் என்று எதிர்பார்த்தார்கள். 1994இல் முடிவு வந்தது. மாத்திரை எடுத்தவர்களுக்குப் புற்றுநோய் 18 சதவீதம் கூடியிருந்தது! குறையவில்லை, கூடியிருந்தது!

இன்னொன்றையும் கேளுங்கள். 2009இல் ஜெர்மனியில் இளைஞர்கள் நாற்பது பேரை நான்கு வாரம் உடற்பயிற்சி செய்யவைத்தார்கள். பாதிப்பேருக்கு வைட்டமின் சி, வைட்டமின் இ மாத்திரைகளும் கொடுத்தார்கள். மாத்திரை எடுக்காதவர்களுக்கு இன்சுலின் நன்றாக வேலை செய்யத் தொடங்கியது. மாத்திரை எடுத்தவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவே இல்லை. ஏன்? பயிற்சியின்போது தசையில் கொஞ்சமாக உண்டாகும் அந்த ரேடிக்கல்கள்தான், "வேலை கூடியிருக்கிறது, தயாராகு" என்று செல்லுக்குச் செய்தி சொல்கின்றன. நாம் மாத்திரை போட்டுச் செய்தி கொண்டு வருபவரை வாசலிலேயே தடுத்துவிட்டோம். நெல்லிக்காயும் கொய்யாவும் கீரையும் சாப்பிடுவதைப் பற்றி நான் பேசவில்லை. அவற்றைத் தாராளமாகச் சாப்பிடுங்கள். குறைபாடு எதுவும் இல்லாதவர்கள் அதிக அளவில் விழுங்கும் மாத்திரையைப் பற்றித்தான் பேசுகிறேன்.

அப்படியானால் எலக்ட்ரான்கள் நழுவும் அந்தக் கசிவு ஒரு பொருட்டே இல்லையா? இருக்கிறது. புறாவையும் எலியையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய ஒரே எடை. ஆற்றல் செலவும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி. எலி நான்கு ஆண்டு வாழ்ந்தால் பெரிது. புறா முப்பது ஆண்டைத் தாண்டுகிறது. மாட்ரிட்டில் குஸ்தாவோ பார்ஹா அளந்து பார்த்தார். புறாவின் மைட்டோகாண்ட்ரியா எலியுடையதைவிட மிகக் குறைவாகவே ரேடிக்கல்களை வெளிவிடுகிறது. கசிந்ததைத் துடைத்துக்கொண்டிருப்பது புறாவின் வழியல்ல, கசியாமல் இருப்பதுதான் அதன் வழி.

பிறகு வந்தது சுவீடனிலிருந்து ஒரு செய்தி. 2004இல் நில்ஸ்-யோரான் லார்சனும் அலெக்சாண்ட்ரா ட்ரிஃபுனோவிச்சும் ஒரு சுண்டெலி வகையை உருவாக்கினார்கள். மைட்டோகாண்ட்ரியாவின் டிஎன்ஏவைப் படியெடுக்கும் நொதி ஒன்று உண்டு. எழுத்துப்பிழை விழுந்தால் திருத்தும் திறனும் அதற்கு உண்டு. அந்தத் திருத்தும் திறனை மட்டும் நீக்கினார்கள். வேறொன்றும் செய்யவில்லை. பிறந்தபோது மற்ற சுண்டெலிகளைப் போலவே இருந்தது. ஆனால் இளம் வயதிலேயே முடி கொட்டியது, முதுகு வளைந்தது, எலும்பு மெலிந்தது, இரத்தசோகை வந்தது, இதயம் வீங்கியது. இரண்டு ஆண்டுக்கு மேல் வாழவேண்டிய உயிர் ஏறக்குறைய ஓர் ஆண்டில் முடிந்தது. கிழத்தனத்தின் அடையாளங்கள் ஒன்றுவிடாமல் வரிசையாக வந்தன! இதில் கவனிக்க வேண்டியது என்ன தெரியுமா? அந்தச் சுண்டெலிகளில் ரேடிக்கல்கள் பெரிதாகக் கூடியிருக்கவில்லை. பழுதான டிஎன்ஏ, அதனால் தளர்ந்த ஆற்றல் உற்பத்தி, இவை மட்டுமே உடலைக் கிழடாக்கப் போதுமாக இருந்தன. ஹார்மனின் கருத்தில் பாதி நின்றது, பாதி விழுந்தது. நமக்கு இயல்பாக வரும் பிழைகள் அந்தச் சுண்டெலிக்கு வந்ததைவிட மிகக் குறைவு என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.

இனி நோய்களுக்கு வருவோம். 1982இல் கலிபோர்னியாவில் சாண்டா கிளாரா மாவட்ட மருத்துவமனைக்கு ஒரு நோயாளி வந்தார். அசைவில்லை, பேச்சில்லை, கண் மட்டும் விழித்திருந்தது. முதலில் மனநோய் என்று நினைத்தார்கள். வில்லியம் லாங்ஸ்டன் என்ற நரம்பியல் மருத்துவர் பார்த்தார். விரல்களுக்கு நடுவே பென்சிலை வைத்தபோது, மெல்ல, மிக மெல்ல, அந்தக் கை எழுதத் தொடங்கியது. உள்ளே தெளிவான மனம், வெளியே கல்லாய்ப் போன உடல்! முற்றிய பார்க்கின்சன் நோயாளியின் நிலை அது. ஆனால் பார்க்கின்சன் ஆண்டுக்கணக்கில் மெல்ல வரும் நோயல்லவா? ஒரு வாரத்தில் எப்படி வந்தது? அதே வட்டாரத்தில் அதே நிலையில் இன்னும் சிலர். விசாரித்தபோது உண்மை தெரிந்தது. எல்லோரும் கள்ளத்தனமாகத் தயாரித்த ஒரே போதை ஊசியைப் போட்டவர்கள். அதில் எம்பிடிபி என்ற வேதிப்பொருள் கலந்திருந்தது. அது மூளைக்குள் போய், உருமாறி, டோபமைனைச் சுரக்கும் நரம்பு செல்களுக்குள் நுழைந்து, மைட்டோகாண்ட்ரியாவின் எலக்ட்ரான் ஓட்டத்தை முதல் கட்டத்திலேயே அடைத்துவிடுகிறது. செல் பட்டினியில் சாகிறது.

அந்த ஊசியைப் போடாதவர்களுக்கு, இயல்பாகப் பார்க்கின்சன் வந்தவர்களுக்கு? இறந்த நோயாளிகளின் மூளையை 1989இல் லண்டனில் ஆராய்ந்தபோது, அதே இடத்தில், அதே முதல் கட்டத்தில் குறை இருந்தது. இளம் வயதிலேயே பார்க்கின்சன் வரும் குடும்பங்களில் பழுதாகியிருந்த ஒரு மரபணுவை 1998இல் ஜப்பானில் கண்டுபிடித்து, அதற்குப் பார்கின் என்று பெயரிட்டார்கள். 2004இல் பிங்க்-1 என்ற இன்னொன்று. இவற்றுக்கு என்ன வேலை என்பதை அமெரிக்காவில் ரிச்சர்ட் யூல் குழு 2008 முதல் படிப்படியாக வெளிக்கொண்டுவந்தது. நலமான மைட்டோகாண்ட்ரியா பிங்க்-1ஐ உள்ளே இழுத்து அழித்துவிடுகிறது. பழுதானதற்கு இழுக்கும் வலு இருக்காது. அதனால் பிங்க்-1 வெளிப்புறத்திலேயே சேர்கிறது. அது பார்கினை அழைக்கிறது. பார்கின் அந்த மைட்டோகாண்ட்ரியாவின் மேல் அடையாளம் வைக்கிறது. செல் அதை விழுங்கிச் செரித்து, கிடைத்த பொருளை வேறு வேலைக்கு எடுத்துக்கொள்கிறது. எவ்வளவு நுட்பமான ஏற்பாடு! பழுது எல்லா உடலிலும் வரத்தான் செய்யும். பழுதை நீக்கும் வேலை நின்றுபோனால்தான் நோய்.

அல்சைமர் நோயிலும், நினைவு மங்குவதற்குப் பல ஆண்டுகள் முன்பே, மூளையின் சில பகுதிகள் குளுக்கோஸைக் குறைவாகப் பயன்படுத்துவதை பெட் ஸ்கேன் காட்டுகிறது. அது காரணமா, விளைவா என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் ஒருமனப்படவில்லை. சர்க்கரை நோயில் படம் இன்னும் தெளிவு. யேல் பல்கலைக்கழகத்தில் 2003இல், குண்டாக இல்லாத, ஆரோக்கியமான முதியவர்களை இளைஞர்களோடு ஒப்பிட்டார்கள். முதியவர்களின் தசையில் மைட்டோகாண்ட்ரியாவின் செயல் சுமார் 40 சதவீதம் குறைந்திருந்தது. எரியாத கொழுப்பு தசை செல்லுக்குள்ளேயே தங்கியது. இன்சுலின் வந்து கதவைத் தட்டியும் தசை சரியாகத் திறக்கவில்லை. தெருவுக்குப் பத்து வீட்டில் சர்க்கரை மாத்திரை இருக்கும் ஊர் நம் ஊர். இந்தச் செய்தி நமக்கு வெளிநாட்டுச் செய்தி அல்ல.

இப்போது என் பேச்சின் நடுப்புள்ளிக்கு வருகிறேன். இந்த 40 சதவீதம் முழுவதும் வயதின் கணக்கா? அல்லது அதில் நாற்காலியின் கணக்கும் உண்டா?

1966இல் அமெரிக்காவின் டாலஸ் நகரில் இருபது வயது இளைஞர்கள் ஐந்து பேரை மூன்று வாரம் படுக்கையிலேயே இருக்கச் சொன்னார்கள். ஓட்டமில்லை, நடையில்லை, வெறும் படுக்கை. முன்னும் பின்னும், உடல் உச்ச உழைப்பில் எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்த முடிகிறது என்று அளந்தார்கள். மூன்றே வாரத்தில் அந்த அளவு நான்கில் ஒரு பங்குக்கும் மேல் சரிந்தது! பயிற்சி கொடுத்த பிறகு மீண்டது. ஆய்வு அத்தோடு முடிந்திருந்தால் நாம் மறந்திருப்போம். முப்பது ஆண்டு கழித்து, 1996இல், அதே ஐந்து பேரைத் தேடிப் பிடித்து அழைத்தார்கள். எல்லோருக்கும் ஐம்பது வயது. எடை கூடியிருந்தது. மறுபடி அளந்தார்கள். முப்பது ஆண்டில் இறங்கியிருந்த அளவு, அன்று மூன்று வாரப் படுக்கை இறக்கிய அளவைவிடக் குறைவு! பெரியோர்களே, திரும்பவும் சொல்கிறேன். முப்பது ஆண்டு முதுமை செய்யாத கேட்டை மூன்று வாரப் படுக்கை செய்தது!

அவர்களுக்கு ஆறு மாதம் நடை, மெல்லோட்டம், சைக்கிள் என்று படிப்படியாகப் பயிற்சி கொடுத்தார்கள். இருபது வயதில் பயிற்சிக்கு முன் இருந்த அளவை ஐம்பது வயதில் திரும்பத் தொட்டார்கள். எப்படித் தொட்டார்கள் என்பதுதான் நமக்கு முக்கியம். இதயம் தள்ளிய இரத்தத்தின் உச்ச அளவு பெரிதாகக் கூடவில்லை. வந்த இரத்தத்திலிருந்து தசைகள் அதிகமான ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளக் கற்றிருந்தன. தசையில் ஆக்சிஜனை எடுத்துப் பயன்படுத்துவது எது? மைட்டோகாண்ட்ரியா! 1967இலேயே ஜான் ஹாலோசி எலிகளை ஓடவைத்துக் காட்டியிருந்தார்: பயிற்சி பெற்ற தசையில் மைட்டோகாண்ட்ரியாவின் நொதிகள் இரு மடங்கு ஆகியிருந்தன. தேவை என்று ஒன்று எழுந்தால் தசை புதிய மைட்டோகாண்ட்ரியாவைக் கட்டுகிறது. தேவை எழவில்லையென்றால் இருப்பதையும் விட்டுவிடுகிறது.

அது மட்டுமல்ல. பழுதை நீக்கும் வேலையைப் பற்றிச் சொன்னேனே, சுண்டெலிகளை ஓடவைத்தாலே தசையில் அந்தத் துப்புரவு வேலை முடுக்கம் பெறுகிறது என்று 2012இல் பெத் லெவின் குழு காட்டியது. சுவீடனில் உருவாக்கிய, இளமையில் கிழடான அந்தச் சுண்டெலி வகையை கனடாவில் மார்க் டார்னோபோல்ஸ்கி குழு எடுத்துக்கொண்டது. வாரம் மூன்று முறை, முக்கால் மணி நேரம், ஐந்து மாதம் ஓடவைத்தது. 2011இல் முடிவு வெளிவந்தது. ஓடாதவை முடி நரைத்துக் கூனிக் கிடந்தன. ஓடியவற்றை நலமான சுண்டெலிகளிடமிருந்து பிரித்தறிவது கடினமாக இருந்தது. திருத்தும் திறன் இல்லாத மரபணுவோடு பிறந்த உடலிலேயே இது நடந்தது! இதைப் படித்த அன்று எனக்கு உண்டான மகிழ்ச்சியை இந்த மேடையிலிருந்து உங்களுக்கு அப்படியே கொடுத்துவிட முடிந்தால் நன்றாயிருக்கும்.

தாய்மார்களே, பிள்ளைகளே, நம் வீடுகளில் நாம் என்ன செய்கிறோம்? அம்மா துடைப்பத்தை எடுத்தால் மருமகள் ஓடிவந்து வாங்கிக்கொள்கிறாள். "நீங்க உட்காருங்க அத்தை, நான் பார்த்துக்கறேன்." அப்பா கடைக்குக் கிளம்பினால் மகன் வண்டியை எடுக்கிறான். தண்ணீர்ச் செம்பு கைக்கு வருகிறது, தட்டு மடிக்கு வருகிறது, ரிமோட் பக்கத்திலேயே இருக்கிறது. அத்தனையும் பாசம், அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அந்தப் பாசம் அவர்களுடைய தசைக்கு என்ன சொல்கிறது? "இனி உனக்கு வேலை இல்லை" என்று சொல்கிறது. தசை அதைக் கேட்டு நடக்கிறது. ஆறு மாதத்தில் நாற்காலியிலிருந்து எழவே கை பிடிக்க வேண்டியிருக்கிறது. அதைப் பார்த்து, "பார்த்தீங்களா, வயசாயிடுச்சு" என்கிறோம்!

"எண்பதைத் தாண்டியவரை இனி என்ன செய்வது?" என்று கேட்பீர்கள். 1990இல் பாஸ்டன் நகர முதியோர் இல்லம் ஒன்றில், சராசரி வயது தொண்ணூறு, உடல் நலிந்தவர்கள், அவர்களுக்கு மரியா ஃபியாடரோன் எட்டு வாரம் காலால் எடை தூக்கும் பயிற்சி கொடுத்தார். கால் வலிமை சராசரியாக 174 சதவீதம் கூடியது. அங்கே அளந்தது தசையின் வலிமையை, மைட்டோகாண்ட்ரியாவை அல்ல. ஆனாலும் தொண்ணூறு வயதுத் தசை இன்னும் பதில் சொல்கிறது என்பதை அந்த ஆய்வு உறுதியாகக் காட்டிவிட்டது.

ஆகவே இன்று வீட்டுக்குப் போனதும் அவரவர் நிலைக்கு ஏற்பத் தொடங்குங்கள். நெஞ்சுவலி, மூட்டுத் தேய்மானம், தலைச்சுற்றல் உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். பேச முடியும், ஆனால் பாட முடியாது என்கிற வேகத்தில் நடங்கள். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்கார்ந்து பழகுங்கள். சர்க்கரை மாத்திரையையோ இரத்த அழுத்த மாத்திரையையோ நடையை நம்பி நீங்களாக நிறுத்தாதீர்கள்.

ஒன்றை மட்டும் பிள்ளைகளுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். வீட்டுப் பெரியவர் காய்ச்சலுக்கோ அறுவை சிகிச்சைக்கோ மருத்துவமனையில் படுத்தால், "எத்தனை நாள் படுத்திருக்கணும்?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். நீங்கள் வேறொன்றைக் கேளுங்கள். "டாக்டர், இவரை எப்போது எழுப்பி நிற்கவைக்கலாம்? எப்போதிலிருந்து நடக்கவைக்கலாம்? நாங்கள் பிடித்துக்கொள்கிறோம், எப்படிப் பிடிப்பது என்று பிசியோதெரபிஸ்டைச் சொல்லித்தரச் சொல்லுங்கள்." முதல் நாளிலேயே கேளுங்கள், ஒவ்வொரு நாளும் கேளுங்கள்.

கேள்விகள் இருந்தால் எழுதி முன்வரிசைக்கு அனுப்புங்கள்.